முன்னின்றவர்

மார்ச் 4

அண்ணிக்கு,

நேற்றிலிருந்து போன் செய்து பார்க்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் ஒரு தடவை எடுத்தீர்கள், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இன்று காலை மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தலைமை அலுவலகத்தில் பணியாளர் பிரிவு எத்தனை சின்னது என்று உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கதவு மூடினாலும் உள்ளே நடப்பது எல்லோருக்கும் தெரியும். "உங்க அண்ணியாமே" என்று ஆரம்பித்தார். உங்கள் தையல் பிரிவிலிருந்து ஒரு அறிக்கை வந்திருக்கிறது. அதில் உங்களை ‘தொழிலாளர்களைத் தூண்டிவிடும் நபர்’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை அவர் விரலால் தட்டிக் காட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த வேலைக்கு உங்களைச் சிபாரிசு செய்தது நான். "எங்க அண்ணி, கை சுத்தம், வாய் அதிகம் பேச மாட்டாங்க" என்று இதே மேனேஜரிடம்தான் சொன்னேன். இப்போது அவர் கேட்கிறார், இவர் ஏதாவது சங்கத்தைச் சேர்ந்தவரா, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று. குடியிருப்பு வீட்டுக்காரர்கள் கூட்டத்துக்கே போகாதவர் என்று சொன்னேன். அவசரத்தில் ஏதோ நடந்துவிட்டது, மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிடுவார் என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அண்ணனும் பேசினார். பள்ளி வேன் ஓட்டுநர்கள் நிற்கிற இடத்தில் அவரை வைத்துச் சிரிக்கிறார்களாம். ‘டோக்கன் வீட்டுக்காரர்’ என்று ஒரு பெயரே வைத்துவிட்டார்களாம். அண்ணி, சண்டை போடத்தான் வேண்டும் என்றால் சம்பளத்துக்குப் போட்டிருக்கக் கூடாதா? போயும் போயும் கழிப்பறைக்கா? என்ன நடந்தது என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டபோது நான் "ஏதோ வசதிக் குறைவாம்" என்று மழுப்பினேன்.

இரண்டே வரி போதும். வருந்துகிறேன், இனி நடக்காது. எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 9

சின்னவளுக்கு,

நான் மன்னிப்புக் கேட்பேன் என்று சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? போனை வைத்ததும் அதற்குத்தான். நீ பேச ஆரம்பித்த தோரணையிலேயே அது வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

நடந்தது என்ன என்று நீ கேட்கவே இல்லை. உன் மேனேஜரும் கேட்கவில்லை, உன் அண்ணனும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு மரக்கட்டை தொங்கும், சோப்புக்கட்டி அளவு, சிவப்புப் பெயின்ட் அடித்தது. அதுதான் டோக்கன். எங்கள் வரிசைக்கே ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகவேண்டும். ஒருத்தி எடுத்துப் போனால் அவள் திரும்பி வந்து மாட்டுகிற வரை மற்றவர்கள் காலை இடுக்கிக்கொண்டு தைக்கவேண்டும். அதனால் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ என்னைக் கேட்டாய், முகம் ஏன் இப்படி வறண்டு கிடக்கிறது என்று. இதுதான்.

என் பக்கத்து மெஷினில் ஒரு பெண் இருக்கிறாள். ஒல்லியாக இருப்பதால் எல்லோரும் குண்டூசி என்று கூப்பிடுவோம். இப்போதுதான் கல்யாணமானது, வயிற்றில் நாலாவது மாசம். கர்ப்பிணியால் எவ்வளவு நேரம் அடக்க முடியும்? அன்றைக்குப் போய்ப் போய்க் கேட்டாள். "கட்டை வரட்டும்" என்றார் சூப்பர்வைசர். கட்டை வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆள் தரையில் கிடந்த கழிவு வெட்டுத்துணி கொஞ்சம் எடுத்துவந்து அவள் மடியில் போட்டு, "தொடச்சிட்டு வேலையைப் பாரு" என்றார். எல்லோரும் பார்க்க அவள் மண்டிபோட்டுத் துடைத்தாள்.

நான் எழுந்து போனேன். ஆணியில் இருந்த கட்டையை எடுத்து என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன். பிறகு கழிப்பறைக்குப் போனேன். என் பின்னால் வரிசையே எழுந்து வந்தது. நான் யாரையும் வா என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் வந்தது, எல்லோரும் வந்தார்கள்.

இதில் தூண்டிவிட என்ன இருக்கிறது? எனக்குப் புரியவில்லை. மூத்திரத்தைத் தூண்டிவிட்டேனா?

சம்பளத்துக்குச் சண்டை போட்டிருந்தால் உனக்குக் கௌரவமாக இருந்திருக்கும். மன்னித்துக்கொள், எனக்கு அந்த நாற்காலிதான் கண்ணில் பட்டது.

உன் அண்ணன் இப்போதெல்லாம் என்னைத் ‘தலைவி’ என்றுதான் கூப்பிடுகிறார். "தலைவி சாப்பிட்டாச்சா? தலைவி விளக்கை அணைக்கலாமா?" அவர் தட்டில் சோற்றைக் கரண்டியால் ஓங்கித் தட்டிப் போடுகிறேன்.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மறுநாள் அலுவலகத்தில் எழுந்து கழிப்பறைக்குப் போனபோது, யாரையும் கேட்காமல் போகிறேன் என்பது முதல்முறையாக உறைத்தது. ஆனால் எனக்கு உறைத்து என்ன ஆகப்போகிறது? கோப்பு என் மேஜையில்தான் இருக்கிறது.

இதை உங்களுக்கு எழுதக் கூடாது. எழுதுகிறேன். உங்களைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்போகிறார்கள். விசாரணை முடியும்வரை. அந்தக் கடிதத்தைத் தயார் செய்யச் சொல்லி என்னிடமே கொடுத்தார் மேனேஜர். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். "உங்க மேல நம்பிக்கை இல்லாமலா கொடுக்கறேன்" என்றார். சோதிக்கிறார் என்று புரிந்தது.

வரைவில் ‘தூண்டிவிட்டவர்’ என்று இருந்தது. அந்தச் சொல் கோப்பில் ஏறிவிட்டால் அப்புறம் எந்தத் தொழிற்சாலையும் உங்களை வாசல்படி ஏறவிடாது. நான் அதை அடித்துவிட்டு, ‘வேலை நேரத்தில் கூட்டாக எழுந்து செல்வதில் முன்னின்றவர்’ என்று மாற்றினேன். ஏன் மாற்றினாய் என்றார். தூண்டிவிட்டதற்குச் சாட்சி வேண்டும், முன்னின்றதற்கு எல்லோரும் கண்ணால் பார்த்தது போதும் என்றேன். ஒப்புக்கொண்டார். என்னால் முடிந்தது இவ்வளவுதான், அண்ணி.

நான் இங்கே ஒரு சொல்லோடு மல்லுக்கு நிற்கும்போது நீங்கள் செய்தித்தாளில் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறீர்கள். கீழே ‘களத்தில் குதித்த பெண் போராளி’ என்று கொட்டை எழுத்து. மேனேஜர் அதை வெட்டி உங்கள் கோப்பில் குத்தி வைத்திருக்கிறார். போஸ் கொடுக்கச் சொல்லி யார் கேட்டது?

நாத்தனார்


ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

கம்பெனிக் கடிதம் வந்தது. முன்னின்றவராம். நன்றி சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிறாய் போலிருக்கிறது.

முன்னால் ஒருத்தி நின்றாள் என்றால் பின்னால் நாலு பேர் நிற்கவேண்டும். நான் திரும்பிப் பார்த்தேன், காலி. தாங்களாக எழுந்து போகவில்லை, என் பேச்சைக் கேட்டுத்தான் போனதாக எங்கள் வரிசை முழுக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது. முதல் கையெழுத்து யாருடையது தெரியுமா? குண்டூசி. அவளுக்காகத்தான் நான் எழுந்தேன். நேற்று கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் எதிர்ப் பக்கத்துக்குப் போய், பூட்டியிருந்த ஒரு கடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தாண்டிப் போகிற வரை பூட்டையே பார்த்தாள்.

அந்தப் படத்துக்கு வருகிறேன். ஒரு நிருபர் வந்தார். சின்ன வயசு, நல்ல பையன்தான். "உங்களை என்னன்னு போடட்டும்? சமூக ஆர்வலரா, செயற்பாட்டாளரா, போராளியா?" என்று கேட்டார். தையல் மெஷின் ஓட்டுகிறவள் என்று போடுங்கள் என்றேன். அது தலைப்பில் அடங்காது என்றார். கை உயர்த்தவில்லை நான். வெயில் கண்ணில் அடித்தது, மறைத்தேன்.

சங்கத்து ஆளும் வந்தார். உன் மேனேஜரிடம் சொல், சங்கம் பின்னால் இல்லை, இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது என்று. அவருக்கு நான் ‘தோழர்’. கம்பெனி வாசலில் ஒரு கூட்டம் போட்டு என்னைப் பேசச் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன், நாற்காலியை, மூத்திரத்தை, வெட்டுத்துணியை. பாதியில் அவர் இருமிக்கொண்டே கிட்டே வந்து, "தோழர், அந்த வார்த்தை வேணாமே. அடிப்படை வசதின்னு சொல்லுங்க, கௌரவமா இருக்கும்" என்றார். நீயும் உன் பக்கத்து மேஜைக்காரியிடம் ‘வசதிக் குறைவு’ என்றுதானே சொன்னாய். உங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போகும். அதற்குப் பிறகு அவர் மைக்கை வாங்கி விலைவாசி, தேர்தல் என்று எங்கெங்கோ போய்விட்டார். டோக்கன் அங்கேயே நின்றுவிட்டது.

கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். திருட்டு என்று எழுதுவார்களாம், சங்கத்து ஆள் சொன்னார். காவலாளி கையில் கொடுத்தபோது அவர் அதை வாங்கி, ஏதோ சூடான பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனார். இப்போது அது மறுபடியும் ஆணியில் தொங்குகிறதாம்.

ஆளாளுக்கு ஒரு பட்டம் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தரும் கட்டையைக் கழற்றவில்லை.

அண்ணி


ஏப்ரல் 15

அண்ணிக்கு,

என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். கம்பெனி பக்கத்துச் சாட்சி.

மேனேஜர் இதை மிகவும் தன்மையாகச் சொன்னார். வெளி ஆள் சொன்னால் பகை என்பார்கள், சொந்த நாத்தனாரே சொன்னால் யாரும் மறுக்க முடியாதாம். பொய் எதுவும் சொல்லவேண்டாமாம். வீட்டிலும் உங்கள் குணம் இப்படித்தான், எதற்கெடுத்தாலும் எதிர்த்து நிற்பீர்கள் என்று சொன்னால் போதுமாம். "பொய்யா அது, சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பொய் இல்லையே.

மறுத்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. நான் தங்கியிருக்கும் இந்த விடுதி அறை கம்பெனி பெயரில் இருக்கிறது. இந்த வயதில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? உங்கள் வீட்டுக்கா? அங்கேயும் ஒரு சம்பளம் நின்று போயிருக்கிறது.

இதையெல்லாம் யோசித்துத்தானா அன்றைக்கு எழுந்தீர்கள்? யோசித்திருக்க மாட்டீர்கள். யோசிக்கிற வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். அண்ணனைக் கேட்டேன். "எதையாவது சொல்லி முடிச்சு விடு, எனக்கு வேன்ல நிம்மதியா உட்கார முடியலை" என்கிறார்.

நான் என்ன சொல்லவேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதையே சொல்கிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 19

சின்னவளுக்கு,

நான் சொல்லித் தரமாட்டேன். சொல்லித் தந்தால் அதற்குப் பெயர்தான் தூண்டிவிடுவது.

விசாரணைக்கு வருகிற அன்றைக்கு வீட்டுக்கு வா. என்ன சொல்லியிருந்தாலும் சாப்பிடாமல் போகாதே.

அண்ணி


மே 6

அண்ணிக்கு,

நான் சாப்பிடாமல்தான் ஊர் திரும்பினேன். வாசல்வரை வந்தேன். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. கூப்பிடத் தைரியம் இல்லாமல் பஸ் நிலையத்துக்குத் திரும்பிவிட்டேன்.

விசாரணை அறையில் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. விசாரணை அதிகாரி, "வீட்டிலும் இவர் இப்படித்தானா?" என்று கேட்டார். நான், "ஆமா, வீட்டுலயும் இப்படித்தான்" என்றேன். நீங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டீர்கள். நான் இன்னும் முடிக்கவில்லை, அண்ணி. ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம். எதிலும் உங்களுக்கு ஒரு நிமிஷம் பொறுமை கிடையாது.

நீங்கள் போன பிறகு நான் சொன்னதை எழுதுகிறேன். அம்மா பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னேன். படுக்கையிலேயே போகவேண்டிய நிலை. கூப்பிட்டால் பணிப்பெண் வரமாட்டாள், அவளுக்குத் தோன்றும்போதுதான் வருவாள். பெற்ற பெண் நான், மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவில் நின்றேன். நீங்கள் வார்டு நடுவில் நின்று கத்தினீர்கள். தலைமை நர்ஸ் வருகிற வரை கத்தினீர்கள். அப்போது எனக்கு அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த வார்டில் கூப்பிட்டால் வந்தார்கள், அம்மாவுக்கு மட்டுமில்லை, எல்லாக் கட்டிலுக்கும். "எங்க அம்மா கடைசி வரைக்கும் ஈரத்துல கிடக்கலை சார். வீட்டுல இவங்க இப்படித்தான். அதைத்தான் சொன்னேன்" என்றேன்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். "இது விசாரணைக்குத் தேவையில்லாதது" என்றார். எழுதுங்கள் என்றேன். எழுதமாட்டேன் என்றார். அந்த அறிக்கை தட்டச்சுக்கு வந்தபோது பார்த்தேன். ‘வீட்டிலும் இதே போக்கு உடையவர் என்று உறவினரே ஒப்புக்கொண்டார்.’ அவ்வளவுதான் இருக்கிறது. நான் ‘ஆமா’ என்றது ஏறிவிட்டது. மிச்சம் காற்றோடு போய்விட்டது. முதலில் மற்றதைச் சொல்லிவிட்டு அப்புறம் ஆமா என்றிருக்கலாம். அலுவலகத்தில் இத்தனை வருஷம் இருந்தும் அது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

மேனேஜர் என்னைப் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றிவிட்டார். "நீங்க அவங்க ஆதரவாளர்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். ஆக எனக்கும் ஒரு பட்டம் கிடைத்துவிட்டது. அதற்கு நான் தகுதியானவளா என்று தெரியவில்லை. ஜன்னல் இல்லாத அறை. அறையை இன்னும் காலி செய்யச் சொல்லவில்லை, விடுதி அறையைச் சொல்கிறேன்.

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நாத்தனார்


மே 27

சின்னவளுக்கு,

நீ ‘ஆமா’ என்றதும் வெளியே வந்து கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது வேறு எங்கோ போகிற பஸ். கடைசி நிறுத்தத்தில் நடத்துநர் வந்து, இறங்குங்கள் என்றபோதுதான் தெரிந்தது. அங்கேயிருந்து நடந்து வந்தேன். உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன், அதை எழுதினால் காகிதம் தாங்காது.

வாசல்வரை வந்தாயா? அது நான் வீடு திரும்பாத நேரம். பாத்திரம் உருட்டியது உன் அண்ணன்.

உன் கடிதத்தை நான் பிரிக்கவே இல்லை. அரிசி டப்பாவின் மேல் கிடந்தது. உன் அண்ணன்தான் பிரித்து, கேட்டாலும் கேட்காவிட்டாலும் படிப்பேன் என்று சத்தமாகப் படித்தார். ஆஸ்பத்திரி வந்ததும் நிறுத்திவிட்டார். மீதியை நான் வாங்கிப் படித்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. தலைவி என்றும் இல்லை, வழக்கமாகக் கூப்பிடுவதும் இல்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். நம்புகிறேனா என்று கேட்டாய். நம்புகிறேன். ஆனால் வாயைத் திறந்ததும் ஆமா என்றாயே, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. இரண்டும் இருக்கிறது.

வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். உனக்கு முன்பே தெரிந்திருக்கும். சங்கத்து ஆள் வழக்குப் போடலாம், வருஷக்கணக்கில் ஆகும் என்கிறார். போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இங்கே ஒரு சின்னக் கடையில் கிழிந்த பைகளுக்கு ஜிப் வைத்துக் கொடுக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் குண்டூசி வந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, ரெண்டு டோக்கன் ஆக்கிட்டாங்க" என்றாள். ஏதோ நல்ல செய்தி கொண்டுவந்தவள் மாதிரி. கம்பெனி வாசலில் பெரிய அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களாம், தொழிலாளர் நலனில் அக்கறை கொண்ட நிர்வாகம் என்று. கதவை அவள் முகத்தில் சாத்திவிட்டேன். உண்மையாகவே சாத்தினேன். உள்ளே வந்து நின்றுகொண்டு, இவ்வளவும் இன்னொரு கட்டைக்குத்தானா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். வெளியே அவள் போகிற சத்தம் கேட்கவில்லை. கர்ப்பிணி எவ்வளவு நேரம் நிற்பாள்? திறந்தேன்.

இரண்டாவது கட்டையைச் சூப்பர்வைசர் தன் மேஜை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறாராம். அவருக்கு வேண்டியவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பாராம். "எழுதிக் கொடுக்கணும்க்கா. எப்படி எழுதறதுன்னு தெரியலை. நீங்க எழுதித் தாங்க" என்றாள். கையெழுத்துப் போடத் தெரிந்ததே என்று வாய்வரை வந்தது. கேட்டும் விட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, வீட்டில் போடச் சொன்னார்கள் என்றாள்.

நான் எழுதவில்லை. காகிதத்தை அவள் முன்னால் வைத்தேன். "மேல என்ன போடணும்க்கா, நாங்க யாருன்னு?" என்று கேட்டாள். "உன் பேரைப் போடு" என்றேன். "என் பேரா? முதல்லயேவா?" என்றாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எழுதுவாளோ மாட்டாளோ என்று நான் பார்க்கவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டு காய் நறுக்கினேன். திரும்பியபோது எழுதியிருந்தாள். கோணல் எழுத்துதான். அதைக் கொடுப்பாளா, வழியில் கிழித்துப் போடுவாளா, எனக்குத் தெரியாது. மற்றவர்களைச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருத்தியாக நீதான் கேட்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டதும் அவள் முகம் வெளிறிப் போனது.

கிளம்பும்போது, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பின்பக்கம் என்று காட்டினேன். போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்குச் சற்று நேரம் புரியவில்லை. புரிந்ததும், போ என்று சொல்ல வாய் வரவில்லை, சின்னவளே. சொன்னால் நானும் அந்தச் சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளாகிவிடுவேன். விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அண்ணி